ஏழடி வாசல்

உள்ள வாங்க டீச்சர். செருப்போடயே வாங்க, வாசல் சுடும். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? இந்த வெயில்ல எத்தனை தெரு ஏறி இறங்குனீங்களோ. குனி பெகேராவா? ஆமா, ரெண்டாம் கிளாஸ். இந்த வீட்டுலதான் இருந்தாங்க. பக்கத்து ரூம்தான், பூட்டிக் கெடக்கு பாருங்க. ஆவணியில இருந்து பள்ளிக்கூடம் வராத பிள்ளையப் பங்குனியில தேடி வர்றீங்க. குத்தமாச் சொல்லலை, நீங்க புதுசா மாத்தலாகி வந்தவங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கும் ஆயிரம் வேலை.

எழுதுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க ரிஜிஸ்டர்ல அவ அம்மா நம்பர் இருக்கா? சஸ்மிதான்னு போட்டிருக்கும். எங்கிட்ட இருக்குற நம்பர்ல போட்டா எவளோ ஒருத்தி இந்தியில பேசிட்டு வச்சிர்றா. பிள்ளையச் சேக்கும்போது ஊர் நம்பரும் சேத்து வாங்குவீங்கள்ல, அதப் பாத்துச் சொல்லுங்க. எதுக்கா? எனக்கு அவகிட்ட ஒரு காரியம் ஆகணும் டீச்சர். என் மக இந்த வீட்டுக்குப் பிள்ளைப்பேறுக்கு வர்றதும் வராததும் இப்ப அந்த ஒடிசாக்காரி கையில இருக்கு. கூத்தைப் பாத்தீங்களா.

நீங்க தேடுங்க, மெதுவாத் தேடுங்க. என்ன, காரணம்னு ஒரு கட்டம் இருக்கா? சொந்த ஊருக்குப் போயிட்டாங்கன்னு எழுதிக்கோங்க. யாரும் போகச் சொல்லலை. அவங்களாத்தான் போனாங்க.

வாசலையே பாக்குறீங்களே. எல்லாரும் கேப்பாங்க, வீடு தீப்பெட்டியாட்டம் இருக்கு, வாசல் மட்டும் களத்து மேடாட்டம் கெடக்கேன்னு. இந்தக் காலனியில எல்லா வீடும் இப்படித்தான். கதவுல இருந்து கேட்டு வரைக்கும் ஏழடி. கட்ட வந்த கொத்தனார் சண்டைக்கே வந்துட்டான், ‘ஏம்மா, இன்னொரு ரூம் எடுக்கலாமே, எடத்தை வீணடிக்கிறீங்களே’ன்னு. ‘இது ஆளைப் படுக்க வைக்கிற அளவுய்யா’ன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. யாரைன்னு கேட்டான். ‘இப்பவே எப்படிச் சொல்றது, எங்கள்ல யாரு முந்திக்கிறமோ’ன்னாரு. அதுக்கப்புறம் அவனே நூல் பிடிச்சு ஏழடி அளந்து விட்டான்.

நாங்க ராமநாதபுரம் பக்கம் டீச்சர், கமுதிக்குக் கிழக்க. மழை ரெண்டு வருசம் ஏமாத்திருச்சு. கருவேலம் வெட்டி கரிமூட்டம் போட்டுப் பாத்தோம், அதுக்கும் ஆளுக்கு ஆள் போட்டி. முதல்ல ஒருத்தன் திருப்பூருக்கு பஸ் ஏறுனான், தீபாவளிக்கு பேண்டு போட்டுக்கிட்டு வந்தான். அடுத்த தையில பாதித் தெரு காலி. அப்படித்தான் நாங்களும் வந்தோம். அவரு கட்டிங் மாஸ்டர்கிட்ட கையாளாச் சேந்தாரு, நான் பிசிறு வெட்டப் போனேன், மாமனாருக்கு சாயப்பட்டறையில வாட்ச்மேன் வேலை. மூணு பேரும் ஒரு லைன் வீட்டுல வாடகைக்கு இருந்தோம்.

மாமனார் ஒரு நாள் காலையில உக்காந்த நாற்காலியிலயே போயிட்டாரு. தள்ளுவண்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வர்றோம், வீட்டுக்காரம்மா கேட்டுல குறுக்க வந்து நிக்கிறா. ‘பொணத்தையெல்லாம் உள்ள கொண்டாரக் கூடாதுங். நாளைக்கு எவன் குடி வருவான்? சொல்லிப்போட்டேன்’கிறா. நான் அவ காலைப் பிடிச்சேன் டீச்சர். ஒரு மணி நேரம் தாயி, குளிப்பாட்டிக் கோடி போத்துனதும் ஊருக்குக் கொண்டு போயிர்றோம்னேன். ம்ஹூம். கம்பெனிச் சுவரோரமா ஒரு புளியமரம், அதுக்கடியில வச்சுத்தான் குளிப்பாட்டுனோம். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நகருங்க நகருங்கன்னு. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. அந்தப் பொம்பளைக்கு ஈவு இரக்கமே கெடையாது. இன்னைக்கு வரைக்கும் அவ இருக்குற தெருப்பக்கம் நான் போறதில்லை.

அந்த மரத்தடிக்கு எங்க ஊர்க்காரங்க பத்துப் பதினஞ்சு பேர் வந்திருந்தாங்க. அவங்க பேசித்தான் இந்தக் காலனியே வந்துச்சு. பொழைக்க எங்க வேணும்னாலும் பொழைப்போம், செத்தா வைக்க சொந்தமா ஒரு வாசல் வேணும்னு. அப்ப இது வெறும் மேட்டாங்காடு. முள்ளும் பாறையும். பஸ் கெடையாது, தண்ணிக்கு ஒரு மைல் நடக்கணும். ஆனா விலை மலிவு. ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிப் போட்டோம். முதல்ல கூரை, அப்புறம் சீட்டு, அப்புறம் கான்கிரீட். முப்பத்திரண்டு குடும்பம் டீச்சர். டவுன் பஸ் கண்டக்டர் ‘ராம்நாட்டார் காலனி எறங்கு’ம்பான். முதல்ல அதை நக்கலாத்தான் சொன்னாங்க. அப்புறம் நாங்களே போர்டு எழுதி வச்சுக்கிட்டோம்.

நல்லாத்தான் இருந்தோம். இந்த நாலஞ்சு வருசமாத்தான் சனி பிடிச்சது. நூல் விலை ஏறுது, வெளிநாட்டு ஆர்டர் நின்னு போச்சுங்கிறான், ஒரு மாசம் வேலை இருந்தா ஒரு மாசம் இல்லை. எங்காளுங்க ஒவ்வொருத்தரா மூட்டை கட்டுனாங்க. ஒருத்தர் ஊருக்கே போயி பெட்டிக்கடை வச்சாரு, ஒருத்தர் மகன்கூட கேரளா போயிட்டாரு. போறவங்க வீட்டைப் பூட்டிப் போட முடியுமா, வாடகைக்கு விட்டாங்க. யாருக்கு? வேற யாருக்கு, வடக்க இருந்து வந்தவங்களுக்குத்தான். காண்டிராக்ட்காரன் ஒரு வீட்டுக்குப் பத்துப் பேரா கொண்டு வந்து அடைச்சான். கண்டக்டர் இப்ப ‘இந்திக்காரன் ஸ்டாப்’ங்கிறான். ரெண்டு தலைமுறையாச் சேத்த பேரை ரெண்டு வருசத்துல மாத்திப்புட்டான் பாருங்க. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டுன கதைதான்.

அவங்க கம்மி ரேட்டுக்குத் தைக்க வந்ததாலதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. இது நான் சொல்லலை, ஊரே சொல்லுது. அவரு வீட்டுல உக்காந்த நாள்ல இருந்து சஸ்மிதா குடுத்த வாடகையிலதான் அடுப்பு எரிஞ்சது, அதையும் சொல்லிடணும். ஒண்ணுக்கொண்ணு எப்படிச் சேருதுன்னு என்னக் கேக்காதீங்க.

அதுக புருசன் பொண்டாட்டி பிள்ளை, மூணே பேரு. ரபின்னு அவன் பேரு. காம்பாக்டிங்ல வேலை, துணியை ஆவி காட்டிச் சுருக்குறது, நாள் பூரா ஆவியில நிக்கணும். வாய் செத்த பையன். சஸ்மிதா என் மக அபிராமிகூட ஒரே செக்கிங் டேபிள்ல. ரெண்டும் ஒட்டிக்கிட்டு வரும், ஒட்டிக்கிட்டுப் போகும். அபிராமி மஞ்சக்காமாலையில கெடந்தப்ப பத்தியக் கஞ்சி பூரா அவதான் வச்சுக் குடுத்தா. எனக்கும் அப்ப வேலைக்குப் போயாகணும்ல. குனி இந்த வாசல்லதான் வளந்துச்சு. என்னைப் பெரியம்மாம்பா. எங்க பேச்சு அப்படியே வரும் அதுக்கு, ‘அம்புட்டுத்தானா பெரியம்மா’ன்னு கேட்டுச்சுன்னா கமுதிச் சந்தையில கேட்ட மாதிரி இருக்கும்.

அபிராமிக்கு ஆவணி இருபத்தேழு கல்யாணம். எத்தனை வருசமாத் தள்ளிப் போனது தெரியுமா? வேலை இல்லாத அப்பன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? பல்லடத்துல இருந்து ஒரு நல்ல இடம், அவங்களே தேடி வந்தாங்க. மாப்பிள்ளைக்கு அம்மா மட்டும்தான். சாத்திரம் சம்பிரதாயம்னா அந்தம்மாவுக்கு உயிரு. வியாழக்கிழமை காலையில இதே வாசல்ல, அந்தா அந்த மூலையில முகூர்த்தக்கால் ஊண்டுனோம். ஊண்டியாச்சுன்னா அப்புறம் கல்யாணம் முடியுற வரைக்கும் அந்த வாசல்ல கெட்டது ஏறக்கூடாது. நாங்க கேதம் கேக்கக்கூடச் சாவு வீட்டுக்குப் போகமாட்டோம். உங்க பக்கமும் அப்படித்தான? ம்.

ரபிக்கு அப்ப எட்டு நாளாக் காய்ச்சல். மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டே வேலைக்குப் போயிருக்கான், லீவு போட்டா ஆள மாத்திருவான்ல. புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. வெள்ளிக்கிழமை காலையில முடிஞ்சு போச்சு. இருபத்தொம்பது வயசு.

எனக்கு அழுகை வந்துச்சு டீச்சர். வராம இருக்குமா? மத்தியானம் பன்னெண்டரைக்கு ஆம்புலன்ஸ் தெரு முக்குல வந்து நின்னுச்சு. ஊருக்குக் கொண்டு போக ரெண்டு நாள் ஆகும், அதுக்கெல்லாம் வழியில்லை, இங்கதான் எரிக்கப் போறாங்க. நாலு மணிக்கு மயானத்துல நேரம் குடுத்திருக்கு. சஸ்மிதா பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தா. அழலை. கேட்டுக்கு வெளிய நின்னு, ‘அக்கா, ஒன் அவர். ஒன் அவர் மட்டும். மஞ்சத் தண்ணி ஊத்தி, புதுத் துணி போட்டு. வாசல்ல மட்டும் அக்கா, உள்ள வேணாம்’ங்கிறா.

காலனிச் சங்கத் தலைவர் சேதுராசு அண்ணன் வந்துட்டாரு. எங்காளுங்க இருந்தது அப்ப ஏழெட்டு வீடு, அத்தனை பேரும் வந்து நிக்கிறாங்க. ‘தங்கச்சி, இது உன் வீடு, உன் இஷ்டம். கால் ஊண்டியிருக்க, அதையும் யோசிச்சுக்க’ன்னாரு அண்ணன். நல்லவரு, எப்பவும் ரெண்டு பக்கமும் பேசுவாரு. என் வீட்டுக்காரர் என்னையப் பாக்கலை, முகூர்த்தக்காலையே பாத்துக்கிட்டு நின்னாரு, அதுல என்னமோ எழுதி ஒட்டியிருக்குற மாதிரி. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. முப்பது வருசம் என் பேச்சைக் கேக்காத மனுசன்லாம் அன்னைக்கு என் வாயப் பாக்குறான்.

நான் வேணாம்னு சொல்லலை டீச்சர். அபிராமிகிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன், வேணாம்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரலை. சரின்னும் வரலை. இத விட்டா என் மகளுக்கு வேற கல்யாணம் இல்லை. அது எனக்குத் தெரியும், அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். கேட்டு பாதி சாத்தியிருந்துச்சு. நான் சாத்தலை. காத்துக்குச் சாத்திக்கிட்டது. தாழ்ப்பாளா? அது பழைய தாழ்ப்பாள் டீச்சர். லேசா ஆட்டுனாப் போதும், தானா விழுந்துரும்.

அபிராமி நலங்கு வச்ச மஞ்சளோட ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. ‘அம்மா, கேட்டைத் தொற’ன்னா. ரெண்டாவது தடவையும் சொன்னா. கல்யாணப் பொண்ணு, வெளிய வரக்கூடாது, அவளைப் போயி உள்ள பிடிச்சு வைக்கவே ரெண்டு பேர் வேண்டியதாப் போச்சு.

சஸ்மிதா எவ்வளவு நேரம் நின்னான்னு எனக்குத் தெரியாது. அப்புறம் அவளே தலையை ஆட்டிக்கிட்டா, சரி அக்கான்னா. அதுதான் எனக்கு ஆறலை. என்னை ரெண்டு திட்டு திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். நான் ஓடிப் போயி ரெண்டு குடம் நல்ல தண்ணி எடுத்தாந்து கேட்டுக்கு மேலயே தூக்கிக் குடுத்தேன். லாரித் தண்ணி இல்லை, ஆத்துத் தண்ணி, கல்யாணத்துக்குன்னு பிடிச்சு வச்சது. அதை யாரும் சொல்லமாட்டாங்க. தெரு முக்குல வேப்பமரம் இருக்குல்ல, அங்க வச்சுக் குளிப்பாட்டுனாங்க. பின்தெருவுல இருந்த அவங்க ஊர்ப் பையங்க சுத்தி நின்னு வேட்டியைப் பிடிச்சுக்கிட்டாங்க, மறைப்புக்கு. குனி செருப்பில்லாம ரோட்டுல நின்னுச்சு. நல்ல உச்சி வெயிலு.

என்ன டீச்சர்? புளியமரமா? அது வேற. அந்தப் பொம்பளை எங்களை யாருன்னே பாக்கலை. நான் இதுகளுக்கு அப்படியா? என் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். இடைஞ்சல் கால் ஊண்டுனதுதான். ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ போயிருந்தான்னா நானே வாசல் கழுவிப் படுக்க வச்சிருப்பேன். நானே ஒப்பாரி வச்சிருப்பேன்.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. சம்பந்தியம்மா காதுக்கும் விசயம் போயிருக்கு. பந்தியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘கெட்டதை வாசல் ஏத்தாம நின்னீங்களாமே, உங்களை மாதிரி மனுசி கெடைக்கணும்’னாங்க. நான் வேணாம்னு சொல்லலை சம்பந்தின்னேன். அவங்க சிரிச்சாங்க.

மறுவாரம் சஸ்மிதா ஊருக்குப் போறேன்னு ரூமைக் காலி பண்ணுனா. நான் போகச் சொல்லலை. இன்னும் ரெண்டு மாசம் வாடகை இல்லாம இருன்னுகூடச் சொன்னேன். அடுப்பு மேடையத் தேய்ச்சுக் கழுவி, சுவத்துல குனி கிறுக்குனதையெல்லாம் ஈரத்துணியால துடைச்சிட்டு, சாவியப் படியில வச்சா. கையில குடுக்கலை. அப்புறம் பின்தெருப் பையங்க போனாங்க. மத்த குடும்பங்களும் ஒண்ணொண்ணாப் போச்சு. அவங்களுக்குள்ள ஏதோ பேச்சு போல, இந்தக் காலனி வேணாம்னு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு புது லைன் போட்டுக்கிட்டாங்களாம், சேதுராசு அண்ணன் சொன்னாரு. அவரும் தையில ஊருக்குப் போயிட்டாரு. இப்ப முப்பத்திரண்டு வீட்டுல விளக்கெரியுறது நாலு வீடு. கண்டக்டர் இந்திக்காரன் ஸ்டாப்னும் சொல்றதில்லை, ராம்நாட்டார்னும் சொல்றதில்லை. எறங்க ஆள் இருந்தாத்தான சொல்ல.

என் மக மறுவீட்டுக்கு வந்தப்பவே உள்ள வரலை. ஆட்டோவுலயே உக்காந்துக்கிட்டா, மாப்பிள்ளை மட்டும் எறங்கி வந்து காபி குடிச்சாரு. தலை தீபாவளிக்கும் வரலை. பொங்கல் சீரை நாங்கதான் பல்லடம் தூக்கிட்டுப் போனோம். இப்ப ஏழாவது மாசம். வைகாசியில வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வரணும், தலைப்பிள்ளை அம்மா வீட்டுலதான் பொறக்கணும். வரமாட்டேங்கிறா. ‘சஸ்மிதாக்காவைக் கூட்டிட்டு வந்து அந்த வாசல்ல நிறுத்து, அவ வரச் சொன்னா வர்றேன்’ங்கிறா. அவங்கப்பா பேசிப் பாத்தாரு, மாப்பிள்ளை பேசிப் பாத்தாரு. பிடிச்சா பிடிச்சதுதான், என்னைய மாதிரி. வயித்துப் பிள்ளைக்காரி, பொங்கலுக்குப் போய்ப் பாத்ததோட சரி டீச்சர். காலு வீங்கியிருக்காம். யாரு தேய்ச்சு விடுறாங்களோ.

அதனாலதான் கேக்குறேன். சஸ்மிதா வந்து ஒரே ஒரு நாள் நின்னாப் போதும். வண்டிச் சத்தம், போக வர ஆகுற செலவு பூரா நான் குடுத்துர்றேன். மன்னிப்பா? கேக்கணும்னாக் கேப்போம், அதுக்கென்ன. ஆனா நான் வேணாம்னே சொல்லலையே, எதுக்குன்னு கேக்குறது?

கெடைச்சிருச்சா? அந்த நம்பர்தான், கடைசியில ரெண்டு சைபர், எங்கிட்ட இருக்குறது இது இல்லை. போடுங்க டீச்சர், உங்க போன்லயே போடுங்க. என் நம்பர்னா எடுக்கமாட்டா. எடுத்தான்னா நீங்க முதல்ல பேசுங்க, பள்ளிக்கூடத்துல இருந்துன்னு. அப்புறம் நான் வாங்கிக்கிறேன். என் வீட்டுக்காரரையும் கூப்பிடவா? வேணாம், அவரு தூங்கட்டும்.

மணி அடிக்குது. அடிக்குதுல்ல? சத்தமா வைங்க.

குனி. குனி குரல் டீச்சர் இது. எம்புட்டுத் தமிழ் பாருங்க, மறக்கவே இல்லை. அம்மா வேலைக்குப் போயிருக்காம். காலையில போனா ராத்திரிதான் வருமாம். குடுங்க, எங்கிட்டக் குடுங்க.

இல்லை, நீங்களே வச்சுக்கோங்க. நீங்களே பேசுங்க. எனக்கு வர மாட்டேங்குது.

யாருன்னு கேக்குது. ரெண்டு தடவை கேட்டுருச்சு. சொல்லுங்க டீச்சர், வச்சிரப் போகுது. பெரியம்மான்னு… வேணாம். வேணாம், வீட்டுக்காரம்மான்னே சொல்லுங்க. அப்படிச் சொன்னாத்தான் தெரியும்.